பாடிய மொழியும் பிறந்த மொழியும்

கலைஞர் ஒருவரை மதிப்பிடும்போது நம்மிடையே தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. 'தமிழுக்கு அவர் என்ன செய்தார்?' என்பதே அது. புலவர்க்கும் உரையாசிரியர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் இவ்வினா நன்கு பொருந்தும். உ. வே. சாமிநாதையரை வேறு எவ்வினாவால் அளப்பது? ஆயினும் இதே கோலைத் தமிழில் பாடிப் பெயர் பெறாத தமிழ்ப் பாடகன் ஒருவனிடம் நீட்டும்போது, அது அளவுகோலாகவே இருக்கிறதா, பிரம்பாகிவிடுகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இவ்வெண்ணத்தை எழுப்புவது, பினாங்கில் தோன்றிய 'ஆலிகேட்ஸ்' என்னும் இசைக்குழுவின் வரலாறு. பெயரைத் தமிழாக்கினால் 'சந்துப் பூனைகள்' என்றாகும். ஜார்ஜ் டவுனின் குறுகிய சந்துகளை அறிந்தவர்க்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. 1960களின் இறுதியில் தொடங்கிய இக்குழுவின் முகமாக விளங்கியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவர். இவர்கள் மலாய்மொழியில் பாடி இந்நாடு முழுவதும் அறியப்பட்டார்கள். தமிழ் விழாக்களில் இவர்களை 'நம்மவர்' என்று பெருமையோடு சுட்டுகிறோம். விழா முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், 'ஆனால் தமிழுக்கு என்ன செய்தார்கள்?' என்றும் கேட்டுக்கொள்கிறோம். பெருமையும் குறையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இரண்டும் ஒருங்கே நேர்மையானவையாக இருத்தல் கூடுமா?

விடை காணுமுன் அக்காலத்துப் பினாங்கைச் சிறிது நினைவு கூர்தல் வேண்டும். நூற்றாண்டுக்கு மேலாகத் தீவை வாழ வைத்த சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் நிலை 1969-ஆம் ஆண்டில் முற்றாக நீங்கியது. பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வலயமும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தது 1972-இல். இடைப்பட்ட காலம் வேலையில்லாத இளைஞர்களின் காலம். அவர்களுள் கிட்டார் மீட்டத் தெரிந்தவர்க்கு மட்டும் வேறொரு வாயில் திறந்திருந்தது. நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலியர் பொறுப்பில் இருந்தது. அவர்களின் குடும்பங்கள் தீவில் வாழ்ந்தன. அவர்களுக்கெனச் சிறு வானொலி நிலையமும் இயங்கியது. வியட்நாம் போரினின்று விடுப்பில் வந்த அமெரிக்கப் படையினரும் பினாங்கின் தெருக்களில் உலவினர். மாலைதோறும் அவர்களுக்குப் பாட்டு வேண்டும். தம் ஊரில் கேட்ட பாட்டே வேண்டும். ஆகவே பினாங்கின் இளைஞர்கள் ஆங்கிலத்தில் பாடினர். இது பண்பாட்டு மயக்கத்தால் விளைந்தது என்பதைவிடச் சந்தையின் அழைப்பால் விளைந்தது என்பதே பொருந்தும்.

இத்தொழிலை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். விடுதியில் பாடும் குழுவினர்க்குக் குறிப்பேடு எதுவும் கிடையாது. ஒலித்தட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதில் அடிநாதமாக ஒலிக்கும் கிட்டாரின் ஓட்டம் எது, தாளக்கருவி எங்கே நிற்கிறது, பின்குரல்கள் எச்சுரத்தில் சேர்கின்றன என்று காதாலேயே பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தெடுத்ததை அன்றிரவே மேடையில் நிறுத்த வேண்டும். கேட்போர் பாதி பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். பாடிய பாட்டை மறுநாளும் முதன்முறை பாடுவதுபோல் பாட வேண்டும். நம் பழைய பாணர் கூட்டம் யாழைச் சுமந்து வள்ளல்களைத் தேடி நடந்த வாழ்க்கையை ஆற்றுப்படை நூல்களில் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். பசியும் வழிநடையும் சுற்றத்தின் பொறுப்பும் அந்நூல்களில் மறைக்கப்படவில்லை. விடுதிக் குழுவின் வாழ்க்கை அதற்கு நெடுந்தொலைவில் இல்லை. வள்ளலின் இடத்தில் விடுதி முதலாளி இருக்கிறார், பரிசில் மாதச் சம்பளமாக வருகிறது, அவ்வளவே.

ஆலிகேட்ஸ் குழுவினரும் அவ்வாறே வழிநடந்தவர்கள். 1970களில் ஹாங்காங் சென்று, அங்குள்ள விடுதிகளில் சில ஆண்டுகள் பாடினார்கள். பெரும் பந்தெனச் சுருண்டெழுந்த தலைமுடி அவர்களின் அடையாளமாயிற்று. (ஆடவர் முடி வளர்ப்பதை அரசுகள் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. 1972-இல் 'லெட் செப்பலின்' என்னும் புகழ்வாய்ந்த ஆங்கிலக் குழுவே தம் முடியின் பொருட்டுச் சிங்கப்பூரில் பாட இயலாமற் போயிற்று.) அயலூரில் பழகிய கையும் குரலுமாகத் தாயகம் திரும்பியவர்கள், 1979-இல் 'தெரிமா காசே' என்னும் மலாய் இசைத்தட்டினை வெளியிட்டார்கள். நன்றி என்பது அத்தலைப்பின் பொருள். 'செனுமான்மு', 'ஜிகா காவ் பெர்சிந்தா லாகி', 'ஹிங்கா அக்கிர் நந்தி' எனப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மக்கள் நாவில் ஏறின. சிங்கப்பூரில் பிறந்து பின்னர் மலாய் இசையுலகில் தனியிடம் பெற்ற எம். நாசிர் போன்றோர் இவர்களுக்கெனப் பாட்டு இயற்றினர். 1980களில் வீட்டு வானொலியிலும் பேருந்து ஒலிநாடாவிலும் இவர்கள் குரலைக் கேளாமல் இந்நாட்டில் வளர்ந்தவர் அரியர்.

இங்கேதான் நம் வினா எழுகிறது. ஆங்கிலத்தை விட்டவர்கள் தமிழுக்குத் திரும்பாமல் மலாய்க்குச் சென்றது ஏன்? கேட்போர் தொகை, தேசிய மொழி, 1971-ஆம் ஆண்டுத் தேசியப் பண்பாட்டு மாநாட்டிற்குப் பின் வானொலி தொலைக்காட்சியில் மலாய்ப் பாடல்கள் பெற்ற இடம் என்று காரணங்களை அடுக்கலாம். அவை உண்மையே. ஆயினும் தமிழாசிரியர்கள் உற்று நோக்க வேண்டிய காரணம் வேறொன்று இருப்பதாக நான் கருதுகிறேன். அது நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது.

அன்றைய மலேசியாவில் தமிழில் பாட விரும்பிய இளைஞன் எதைப் பாடியிருப்பான்? திரைப்படப் பாடலைப் பாடியிருப்பான். கோவில் திருவிழா, திருமண வரவேற்பு, வானொலிப் போட்டி ஆகிய எல்லா மேடைகளிலும் மெல்லிசைக் குழுக்கள் சென்னையிலிருந்து வந்த பாடல்களையே பாடின. பாடியவன் எத்துணை வல்லவனாயினும் அவனுக்குக் கிடைத்த உச்சப் பாராட்டு, 'அச்சு அசல் டி. எம். சௌந்தரராசன்' என்பதாகவே இருந்தது. பாராட்டுப்போல் ஒலிக்கும் இத்தொடரைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாடியவனிடம் அவனுக்கென ஒரு குரல் இல்லை என்பதையன்றோ அது மகிழ்ச்சியோடு கூறுகிறது! அவனுக்கெனப் புதுப்பாட்டு எழுதக் கவிஞர் இருந்தனர்; மரபுக் கவிதையிலும் புதுக்கவிதையிலும் நம் நாட்டுக் கவிஞர்கள் வறியர் அல்லர். அப்பாட்டை ஒலித்தட்டாக்கவும் விலைக்கு வாங்கவும் ஆள் இல்லை. நாம் வாங்கவில்லை. திரையிசையே நமக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே ஆறுமுகம் உடன்பிறந்தார்முன் இருந்த தெரிவைத் தமிழ், மலாய் என்னும் இரு மொழிகளுக்கு இடைப்பட்டது என்று கூறிவிட்டால் அது முழு உண்மையாகாது. தமிழில் அவர்கள் பிறர் குரலின் நிழலாக இருந்திருக்கலாம். மலாயில் தம் குரலுக்கென்றே இயற்றப்பட்ட பாடலை முதன்முதலாகப் பாடும் உரிமை கிடைத்தது. எந்தக் கலைஞன் இரண்டாவதைத் தெரிந்துகொள்ள மாட்டான்? அவன்மீது பழி சுமத்துமுன், முதற்பாட்டைப் பாடும் இடத்தை அவனுக்கு நாம் அளித்தோமா என்று கேட்டுக்கொள்வது முறையாகும்.

இனி, கடன் என்னும் கருத்தை நோக்குவோம். பிறந்த மொழிக்கு ஒருவன் கடன்பட்டவன் என்கிறோம். கடன் என்பது பெற்றதற்கு ஈடாகத் திருப்பித் தருவது. மொழியிடமிருந்து புலவன் பெறுவது வெளிப்படை; அவன் எழுதும் ஒவ்வொரு சொல்லும் முன்னோர் ஈட்டி வைத்த பொருள். பாடகனோ தன் தொண்டையை மொழியிடமிருந்து பெறவில்லை. தாள உணர்வையும் சுர ஞானத்தையும் அவன் ஒரு மொழியிடமிருந்து மட்டும் பெற்றான் என்பதற்கில்லை, அதிலும் பினாங்கில். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் ஒலிக்கும் உறுமியும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கும், சீன நாடக மேடையின் சேகண்டியும், புலாவ் தீக்குசின் யுரேசியர் வீடுகளில் கேட்ட கிட்டாரும் ஒரே காதுக்குள் விழும் ஊர் அது. 1929-இல் இவ்வூரில் பிறந்த பி. ரம்லியின் பாடல்களிலும், மலாய்ப் பாட்டுகள் இயற்றிய யுரேசிய இசைஞர் ஜிம்மி பாய்லின் இசையிலும் அக்கலப்பைக் கேட்கலாம். அதற்கும் முன், 1880களில் பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு இங்கு எழுந்த பங்சாவான் என்னும் மலாய் நாடகக் கலையின் தொடக்கத்தில் மாமாக் புஷி என்னும் இந்திய வழி முஸ்லிம் ஒருவரின் பெயர் பேசப்படுகிறது. மலாய்த் திரையில் 1950-இல் 'பக்தி' என்னும் படத்தில் பி. ரம்லியைக் கதைத்தலைவனாக்கி, அவர் குரலிலேயே பாட வைத்த இயக்குநர் எல். கிருஷ்ணன் தமிழர். பிறர் மொழியில் தம் கலையை நட்டு வளர்த்தோர் நிரை இவ்வூர்ப் பக்கத்தில் நீளமானது. சந்துப் பூனைகள் அந்நிரையில் பின்வந்தவர்களே.

எதிர்த்திசையிலும் நோக்க வேண்டும். எஸ். பி. பாலசுப்பிரமணியம், பி. சுசீலா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் தாய்மொழி தெலுங்கு. யேசுதாஸின் தாய்மொழி மலையாளம். இவர்கள் தமிழில் பாடிய பாடல்களை எடுத்துவிட்டால் நம் ஐம்பது ஆண்டுத் திரையிசையில் மிஞ்சுவது என்ன? இவர்களை நாம் அணைத்துக்கொண்டபோது, 'தெலுங்குக்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டோமா? இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரைப் போற்றும்போது, அவரால் இத்தாலிய மொழி இழந்த காவியத்தை எண்ணி வருந்துகிறோமா? வருபவரை வாழ்த்தும் நாம் செல்பவரை மட்டும் கணக்குக் கேட்பது, தராசின் ஒரு தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுப்பதாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழும். எளிதில் தள்ளிவிட இயலாத மறுப்பு அது. தெலுங்கர் கோடிக்கணக்கானோர், பாலசுப்பிரமணியத்தைத் தமிழுக்குத் தந்ததால் அம்மொழி வறுமையுறவில்லை, அவர் தெலுங்கிலும் நிறையப் பாடியவர். இந்நாட்டுத் தமிழரோ சிறு கூட்டம். இங்கே ஒரு வலிய குரல் வேறு மொழிக்குச் சென்றால் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். பெருங்கடலில் ஒரு குடம் முகப்பதும் ஊர்க் கிணற்றில் ஒரு குடம் முகப்பதும் ஒன்றாகா.

இம்மறுப்பில் உண்மை உண்டு. அவ்விழப்பு இழப்பே. டேவிடின் கனத்த குரலிலும் லோகநாதனின் இழைந்த குரலிலும், இந்நாட்டுக் கவிஞர் ஒருவர் எழுதிய தமிழ்ப் பாட்டு ஒன்று ஊரெல்லாம் ஒலித்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்னும் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இழப்பு வேறு, குற்றம் வேறு. மழை பெய்யாமை இழப்பு. அதற்காக மேகத்தைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதில்லை. தஞ்சை மண்ணில், திருவையாற்றில் வாழ்ந்து தியாகராசர் பாடியவை பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகள். தமிழகத்தின் இசைமேடைகளில் தமிழ்ப் பாட்டு ஓரத்திற்குத் தள்ளப்பட்டபோது எழுந்த தமிழிசை இயக்கம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் கூடிப் பேசியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டது. அவ்வியக்கத்தின் சிறந்த பகுதி எது? பிறமொழிப் பாடல்களைப் பாடியவர்களை இகழ்ந்த மேடைப் பேச்சுகளை இன்று யாரும் நினைப்பதில்லை. புதிய தமிழ்ப் பாடல்களை இயற்றச் செய்ததும், பரிசளித்ததும், சுரப்படுத்தி நூலாக்கியதும், ஆண்டுதோறும் இசைவிழா நடத்தியதும் நின்றன. பாட்டுக்கு இடம் செய்தவர்கள் வென்றார்கள்.

நம் நாட்டிலும் பின்னர் அவ்விடம் சிறிது சிறிதாக உண்டாயிற்று. 1998-இல் 'பொயட்டிக் அம்மோ' குழுவினர் தமிழையும் பிறமொழிகளையும் ஒரே இசைத்தொகுப்பில் சொல்லிசையாக்கினர். 2006-இல் யோகி பி-யும் 'நட்சத்ரா'வும் வெளியிட்ட 'வல்லவன்' தமிழகத்து இளைஞரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் தமிழ்நடையை நம் ஆசிரியர்கள் சிலர் ஏற்கார். அது வேறு வழக்கு. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற பாடலும் 1980-ஆம் ஆண்டு 'நிழல்கள்' படப் பாடல் ஒன்றின்மேல் எழுப்பப்பட்டதே. கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் நம் வாயிலுக்குள் நுழையத் திரையிசை என்னும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1979-இல் நிலைமை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

குறை கூறுவோர் ஒருபுறமிருக்க, புகழ்வோர் செய்யும் பிழையும் உண்டு. 'தமிழர் பாடினர், மலாய்க்காரர் மகிழ்ந்தனர், சீனரும் குழுவில் இருந்தனர். இதுவே ஒற்றுமை' என்று இவர்களை விளம்பரச் சுவரொட்டி ஆக்கிவிடுகின்றனர். குழுவின் தொடக்க ஆண்டுகளிலேயே 1969 மே மாதத்து இனக்கலவரமும் நிகழ்ந்தது என்பதால் இவ்வுரை மேலும் இனிக்கிறது. ஆனால் அவர்கள் பாடியவை கொள்கைப் பாடல்கள் அல்ல. பிரிந்த காதலியின் புன்னகையைப் பாடினார்கள். மீண்டும் காதலித்தால் என்ன ஆகும் என்று பாடினார்கள். மலாய்க்கார இளைஞன் ஒருவன் தன் காதல் தோல்வியின் இரவில் அப்பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டபோது, அவன் ஒற்றுமையை எண்ணி அழவில்லை. பாடியவன் பெயர் ஆறுமுகம் என்பதையும் அவன் அப்போது எண்ணியிருக்க மாட்டான். அந்த மறதிதான் அவர்கள் ஈட்டிய வெற்றி என்று நான் கருதுகிறேன். அதனை அடைய, சொல்லின் ஈற்றொலியும் மூச்சு நிற்கும் இடமும் அம்மொழிக்குரியவன் காதில் உறுத்தாதபடி பழக வேண்டும். லகர ளகர ழகர வேறுபாட்டை மாணவர் நாவில் படிய வைக்க நாம் படும் பாட்டை அறிந்த ஆசிரியர்கள், அதிலுள்ள உழைப்பை மதிப்பார்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கலையுலகிற்கென்று புனைபெயர் சூடிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். இவ்விருவரும் தந்தை பெயரைக் கடைசிவரை விடவில்லை. ஆறுமுகம் என்னும் முருகன் பெயர், மலாய் இசைத்தட்டுகளின் உறைகளிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் அச்சாகிக்கொண்டே இருந்தது. பின்னாளில் டத்தோ என்னும் விருதுப் பெயர் டேவிடுக்குச் சேர்ந்தபோதும் அதன் பின்னே ஆறுமுகம் நின்றது. இதனைத் தமிழ்த்தொண்டு என்று நான் கூற மாட்டேன். அவர்கள் மறைத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் கூறுவேன்.

2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லோகநாதன் நோயுற்று மறைந்தார். அதன் பின்னும் டேவிட் அதே குழுவின் பெயரில் மேடையேறினார். உறுப்பினர் பலர் மாறிவிட்ட பின்பு குழு அதே குழுதானா என்று தத்துவ மாணவர் கேட்கலாம்; பலகைகள் ஒவ்வொன்றாய் மாற்றப்பட்ட கப்பலைப் பற்றிய பழைய கிரேக்கப் புதிரும் அதுவே. இசைக்குழுவைப் பொறுத்தவரை விடை அரங்கில் அமர்ந்திருப்போரிடம் இருக்கிறது. இரு குரல்கள் சேரவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் ஒலிக்கும்போது, மற்றதைக் கேட்போரே தம் வாயால் பாடி நிரப்புகின்றனர். ஆண்டுகள் பல கடந்தும் அப்பாடல்களின் வரிகள் மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவர் நாவிலும் இருப்பதை எந்தத் திருமண விருந்திலும் காணலாம்.

இவ்வளவும் கூறிய பின்னரும் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க இயலாதவனாக இருக்கிறேன். மலேசியத் தமிழிசை வரலாறு என்று யாரேனும் நூல் எழுதினால், ஆலிகேட்ஸ் குழுவுக்கு அதில் ஓர் அதிகாரம் ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். அது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. பிறர் தோட்டத்தில் அவர்கள் உழைத்து விளைவித்ததை நம் களஞ்சியத்தில் கொட்டிக்கொள்வதாகும். மலேசியத் தமிழர் வரலாறு என்று எழுதினால் அவர்களை விடவும் இயலாது. இசை வரலாற்றில் இல்லாதவர் மக்கள் வரலாற்றில் இருக்கிறார். அவரை எப்பகுதியில், எத்தலைப்பின்கீழ் வைப்பது? 'சாதனையாளர்' என்னும் பொதுத்தலைப்பில் விளையாட்டு வீரரோடும் வணிகரோடும் சேர்த்து எழுதிவிடுவது எளிது. நம் விழா மலர்கள் அப்படித்தான் செய்கின்றன. பங்சாவானின் மாமாக் புஷி, எல். கிருஷ்ணன், சந்துப் பூனைகள் ஆகியோரை ஒரே நிரலில் நிறுத்தி ஆராயும் மாணவர் ஒருவர் அதற்குத் தக்க தலைப்பைக் காணக்கூடும். அம்மாணவர் தமிழோடு மலாயையும் காது குளிரக் கேட்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்.